ஆழியன் கிழித்த தேதி

ஜூன் 1, ஞாயிறு

புரொபசர் ஆழியன் திரும்பி வந்துவிட்டார்!

எழுத்தாளர் கவியுகன் சார் மூன்று மாதம் காக்கவைத்த பிறகு இன்று சாயங்காலம் கதை ஆப்பில் புதுத் தொடரின் முதல் எபிசோட் வந்தது. பெயர் 'ஏழாம் வளைவு பங்களா'. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு கையிலும் மாவு. மூக்கு நுனியால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். அம்மா பார்த்துவிட்டு, அந்தப் போனுக்கும் ரெண்டு சப்பாத்தி போடவா என்று கேட்டாள்.

கொடைக்கானலில் ஒரு பங்களா. உள்ளே ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் தணிகைவேல் வழக்கம்போலத் தலையைச் சொறிகிறார். ஆழியன் சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியோடு நுழைகிறார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. இடது புருவத்தை ஒருமுறை தடவுகிறார். "இந்த அறையில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே மூளை அந்தச் சுவர்க்கடிகாரம்" என்கிறார். தொடரும்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவருக்குப் பதினோரு மொழி தெரியும். தூங்க மாட்டார். தனக்குத் தானே செஸ் ஆடி, தானே தோற்று, தன் மேலேயே கோபித்துக்கொள்வார். இஸ்திரி போட்ட சட்டை கிடையாது. அவரை யாரும் விரும்ப முடியாது, எல்லோருக்கும் அவர் வேண்டும். நான் பிளஸ் டூவோடு நின்றவள். தெரிந்ததெல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் ஆழியன் பேசிய ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்.

அப்பா சாப்பிட்டுவிட்டு, காலண்டரில் தேதி கிழித்து, எல்லோருக்கும் ராசிபலன் வாசித்துவிட்டுப் படுக்கப் போனார். பூ மார்க்கெட் கமிஷன் கடையில் எடை போடுகிறவர், விடியுமுன்னே போக வேண்டும். எனக்கு, அதாவது விருச்சிகத்துக்கு, 'மேன்மை'.

ஜூன் 4, புதன்

மேன்மைதான். கவியுகன் சாரே மெசேஜ் அனுப்பியிருக்கிறார். எனக்கு!

போன தொடரில் நான் போட்ட நீளமான கமெண்ட்டுகள் அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம். "லோகேஸ்வரி, அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? சும்மா ஒரு கெஸ். கமெண்ட்ல போடாதீங்க, மத்தவங்களுக்கு ஸ்பாயிலர் ஆயிடும். எனக்கு மட்டும் அனுப்புங்க."

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தேன் (நான் அங்கே ரிசப்ஷன்). முதல் எபிசோடில் ஜட்ஜின் பல்செட் தண்ணீர் டம்ளரில் கிடந்தது என்று ஒரு வரி வரும். எங்களிடம் பல்செட் வாங்குகிற பெரியவர்களை எனக்குத் தெரியும். வெளி ஆள் முன்னால் கழற்றவே மாட்டார்கள். டாக்டர் மேடம் கழற்றச் சொன்னாலே என்னைப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் அங்கிட்டுப் போ" என்பார்கள். ஆக ஜட்ஜ் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்றால், வந்தவர் வீட்டு ஆள்.

அனுப்பினேன். சார் ஒரு கட்டைவிரல் போட்டார். ஒரே ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். ஜீனியஸ்கள் அதிகம் பேச மாட்டார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

சரியாகச் சொல்லிவிட்டேன்! ஆழியன் பல்செட்டைப் பார்க்கிறார், புருவத்தைத் தடவுகிறார், "தணிகைவேல், எந்த மனிதனும் அந்நியன் முன்னால் பல்லைக் கழற்ற மாட்டான். வந்தவன் உறவுக்காரன்" என்கிறார். கமெண்ட்டில் எல்லோரும் தலையில் வெடி வைத்தமாதிரிப் படம் போடுகிறார்கள்.

ஆழியன் யோசிக்கிற மாதிரியே நான் யோசிக்கிறேன்!

ஜூன் 9, திங்கள்

ரஹ்மத் அக்காவிடம் சொன்னேன். அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் மேடத்துக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர், எனக்கு டீயில் பங்கு கொடுக்கிறவர். எபிசோடையும் படித்தார், என் மெசேஜையும் படித்தார். பிறகு குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "உன் பல்செட்டை மாட்டிக்கிட்டு அவன் சிரிக்கிறான்டி."

அக்காவுக்குக் கதை எழுதுகிற வேலை புரியாது. சார் முதல் எபிசோடிலேயே டம்ளரை வைத்துவிட்டார் அல்லவா? அப்போதே எல்லாம் தெரியாமலா வைத்திருப்பார்?

ஜூன் 11, புதன்

இன்று மோசமான நாள்.

ஆழியன் மாதிரி ஆளைப் பார்த்ததும் கண்டுபிடிக்கப் பழக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். காலையில் கறுப்புக் காபி குடித்தேன், சர்க்கரை இல்லாமல். வேப்பங்கொழுந்து தேவலாம். பத்தரை மணிக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயது, மொட்டைத் தலை, சட்டை பட்டன் ஒழுங்காகப் போடவில்லை, கண் தூக்கம் இல்லாமல் சிவந்திருக்கிறது. நான் புருவத்தைத் தடவினேன். "பழனிக்குப் பாதயாத்திரை போய், மொட்டை போட்டு, பஸ்ஸில் தூங்காமல் வந்திருக்கிறீர்கள். சரியா?" என்று கேட்டேன். அப்படியே, புத்தகத் தமிழில்.

அவர் கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு, "எங்கப்பா தவறிட்டாரும்மா" என்றார். "பல்லு வலி தாங்கல. அதான் காரியம் முடியறதுக்குள்ள வந்துட்டேன்."

ரஹ்மத் அக்கா அவரை உள்ளே கூட்டிப் போய் முதல் ஆளாக உட்காரவைத்தார். வெளியே வந்து என்னை வைததை இங்கே எழுத முடியாது. கடைசியாகக் கேட்டது மட்டும்: "அந்தப் புரொபசர் என்னைக்காச்சும் தப்பாச் சொல்லியிருக்கானா?"

இல்லையே என்றேன்.

"அப்ப அவன் ஆளே இல்ல. விடு."

ஜூன் 15, ஞாயிறு

மறுபடியும் சரி. ஜட்ஜ் மனைவி போட்டோவுக்குப் போட்டிருந்த மல்லிகை ஓரத்தில் பழுப்பாக இருந்தது. சமையல்காரர் காலையில் வாங்கிய பூ என்றார். ஃபிரிஜ்ஜில் வைத்த மல்லியை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் இப்படித்தான் பழுக்கும், அது பழைய பூ, ஆள் பொய் சொல்கிறார் என்று நான் வியாழக்கிழமை அனுப்பியிருந்தேன். எங்கள் வீட்டில் இது பூனைக்குக்கூடத் தெரியும்.

ஆழியன் இதைத் தாவரவியலில் இருந்து கண்டுபிடித்தார். லத்தீன் பெயர் எல்லாம் சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

சார் லைவில் வந்தார். பின்னால் புத்தக அலமாரி, முன்னால் கறுப்புக் காபி. ஒருவர் கேட்டார், தன்னைவிட அறிவாளியான கேரக்டரை ஒரு எழுத்தாளர் எப்படி எழுதுவது என்று. சார் ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"ஜீனியஸை எழுத முடியாது, பிரதர். ஜீனியஸா இருக்கணும். ஆழியனை நான் உருவாக்கல. உள்ள இருந்தாரு, வெளிய வந்தாரு."

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வால்பேப்பர் வைத்தேன்.

ஜூன் 21, சனி

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நானும் ஒரு கதை எழுதியிருக்கிறேன்.

ஆப்பில் புது எழுத்தாளர் போட்டி வைத்திருக்கிறார்கள். ஜூலை பதின்மூன்று கடைசி. முதல் எபிசோட் போட்டால் போதும், தேர்வானால் அவர்களே தொடராகப் போடுவார்கள். பிளஸ் டூவில் நின்றதிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில், பாப்பா என்ன பண்ணுது என்று கேட்டால், அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். ஒரே ஒருமுறை அம்மா, எங்க லோகு கதை எழுதுது என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது. என் ஜீனியஸ் கண்ணிமைக்கிற நேரத்தில் சொல்வதை யோசிக்க எனக்கு முழு வாரம் பிடிக்கிறது. சாவியை ஒளித்துவைப்பதும் நான்தான், அது எங்கே என்று அவர் கண்டுபிடித்ததும் கை தட்டுவதும் நான்தான். ஒளித்தவளுக்குத் தேடுவது கஷ்டமா? இது கொஞ்சம் மோசடி மாதிரி இருக்கிறது. நான் தப்பாக எழுதுகிறேன் போல.

சாருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

சார் பதில்: "நல்ல முயற்சி. ஆனா ஜீனியஸ் கேரக்டரோட கனம் உங்களால தாங்க முடியாது லோகு. நல்ல ரசிகையா இருக்கறதுதான் உங்க பலம். அதை விட்டுடாதீங்க. அப்புறம், அடுத்த எபிசோட் கெஸ் என்ன?"

எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறார்! வேறு யாராக இருந்தாலும் சும்மா சூப்பர் என்று போட்டிருப்பார்கள்.

கதையை அழித்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தக்காளிச் சட்னி. கண்ணில் வெங்காயம்.

(தக்காளிச் சட்னிக்கு நான் வெங்காயம் போடுவதில்லை. இதை யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் பரவாயில்லை.)

ஜூன் 25, புதன்

கெஸ் அனுப்பினேன். இதுவரை அனுப்பியதிலேயே பெஸ்ட் இதுதான்.

பங்களாச் சுவரில் தினசரிக் காலண்டர் 15 காட்டுகிறது. அதனால் ஜட்ஜ் பதினைந்தாம் தேதி காலையில் உயிரோடு இருந்தார், எழுந்து தேதி கிழித்தார் என்று போலீஸ் நம்புகிறது. ஜட்ஜின் அண்ணன் மகன் பதினாலாம் தேதி ராத்திரியே சென்னை பஸ் ஏறிவிட்டான். ஆகவே அவன் மேல் சந்தேகமே இல்லை.

ஆனால் தேதியை எல்லோரும் முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தானே கிழிப்பார்கள்? பதினாலாம் தேதி ராத்திரி ஜட்ஜ் தேதி கிழித்தார், அதன்பிறகு செத்தார். அண்ணன் மகன்தான் கொலைகாரன். இந்த மடப் போலீஸுக்கு இது தெரியவில்லையா?

சார் மூன்று கட்டைவிரல் போட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

அப்படியே வந்தது. ஆழியன் காலண்டர் முன் நிற்கிறார். புருவம். "தணிகைவேல், தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் தேதியை முந்தின இரவே கிழித்துவிடுவார்கள். இது குழந்தைக்கும் தெரியும்."

நான் கை தட்டினேன். கமெண்ட்டைத் திறந்தேன்.

"எந்த வீட்ல பாஸ்?" என்று முதல் கமெண்ட். அதற்குக் கீழே, "புரொபசர் வீட்ல காலண்டர் இல்ல போல." அதற்குக் கீழே, "பதினோரு மொழி தெரியும், தேதி தெரியாது." யாரோ அதற்குள் மீம் போட்டுவிட்டார்கள். ஆழியன் டிசம்பர் மாதமே பொங்கல் கொண்டாடுகிறார்.

முட்டாள்கள். நான் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். நீங்கள் எல்லாம் காலையில் கிழிப்பதாகப் பொய் சொல்கிறீர்கள் என்றேன். ஒருவன், அக்கா நீங்க எந்தக் கிரகம் என்று கேட்டான். பிளாக் செய்தேன்.

ஜூன் 30, திங்கள்

ஆழியனைக் காப்பாற்ற ஆதாரம் வேண்டும். டோக்கன் போடும்போதே கேட்டேன்: பேர், வயசு, உங்க வீட்ல எப்பத் தேதி கிழிப்பீங்க?

காலையில். காலையில். பல் தேய்த்துவிட்டு. எங்க மாமியார் குளிச்சிட்டு வந்துதான் தொடுவாங்க. ஒரு வாரம் சேர்த்துக் கிழிப்போம். பல் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்த ஒருவர் பேச முடியாமல், கையை மெதுவாக மேலே தூக்கிச் சூரியன் வருவதுபோல் நடித்துக் காட்டினார்.

ரஹ்மத் அக்காவிடம் கேட்டேன். விடிகாலையில் பஜ்ர் தொழுதுட்டு வந்து அவங்க அத்தா கிழிப்பாராம். "ராத்திரி கிழிச்சா நாளைக்கு உசுரோட இருப்போம்னு அம்புட்டு நிச்சயமாடி?" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன், நாம் ஏன் ராத்திரி கிழிக்கிறோம் என்று. அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"விடியமுன்ன எந்திரிச்சு லைட்டைப் போட்டா உங்கம்மா வைவா. இருட்டுக்குள்ள தடவிக் கிழிச்சா ரெண்டு மூணு தாளு சேந்து வந்துருது. அதான் கல்யாணம் ஆன மறுவாரத்துலருந்து ராத்திரியே கிழிச்சிர்றது. ஏந்தா?"

ஒன்றுமில்லை என்றேன்.

"இவ ஊரெல்லாம் இப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தா போல" என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா ரொம்ப நேரம் சிரித்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஒருவேளை ஆழியனின் அப்பாவும் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தாரோ.

ஜூலை 2, புதன்

அவர் அப்பா ஹைகோர்ட் வக்கீல். மூன்றாவது எபிசோடிலேயே வருகிறது.

ஜூலை 3, வியாழன்

ஆஸ்பத்திரியில் கூட்டம். எழுத ஒன்றுமில்லை. என் மெசேஜ்களையும் எபிசோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். சும்மாதான். நேரம் போகவில்லை. 'குழந்தைக்கும் தெரியும்' என்பது நான் எழுதாத வரி. அது சாருடைய சொந்த வரி.

ரஹ்மத் அக்கா ஏன் முகம் ஒருமாதிரி இருக்கு என்றார். கடைவாய்ப் பல் வலி என்றேன். வாயைத் திற என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தன் டீ முழுவதையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

எபிசோட் வரவில்லை. "ஆழியன் மௌனத்தில் இருக்கிறார்" என்று சார் போட்டிருக்கிறார். கீழே ஒருவர்: "காலண்டர் வாங்கப் போயிருக்காரா?"

நான் இந்த முறை யாரையும் பிளாக் செய்யவில்லை.

ஜூலை 9, புதன்

சார் மெசேஜ். வழக்கத்தைவிட நீளம். பதிப்பாளர் ஒருவர் இதைப் புத்தகமாகப் போடக் கேட்கிறாராம், அடுத்த எபிசோடில் கதை முடிந்தாக வேண்டுமாம். "காலண்டர் விஷயத்தை நீங்களா இருந்தா எப்படி முடிப்பீங்க லோகு? எனக்குத் தெரியும், ஆனா உங்க ஆங்கிள் என்னன்னு பார்க்க ஆசை. சும்மா ஒரு கெஸ்."

பார்த்தேன் என்று டிக் விழுந்துவிட்டது. பதில் போடவில்லை. முதல்முறையாக.

ஜூலை 13, ஞாயிறு (எங்கள் வீட்டுக் காலண்டரில் ஏற்கெனவே திங்கள்)

சாப்பிட்டதும் அப்பா தேதி கிழித்தார். கிழித்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தினமும் செய்வதுதான். மார்க்கெட்டில் எடை குறிக்க அதன் பின்பக்கம் ஆகும். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிழித்த தாள் எங்கே போகிறது?

முதல் எபிசோடை எடுத்தேன். இருந்தது. ஜட்ஜ் எதையும் எறிய மாட்டார், கிழித்த தாளைக்கூட மேஜையில் பில் குத்தும் கம்பியில் குத்தி வைப்பார் என்று ஒரு வரி. கம்பியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது 13. பேய்ப் படம் மாதிரி இருக்கட்டும் என்று 13 போட்டிருப்பார் என அன்று நினைத்தேன். சுவரில் 15, கம்பியில் 13. பதினாலாம் தேதித் தாள் எங்கே? ஜட்ஜ் கிழித்திருந்தால் கம்பியில் இருக்கும். அவர் கிழிக்கவில்லை. அண்ணன் மகன் பதினாலாம் தேதி ராத்திரியே கொன்றுவிட்டு, ஜட்ஜ் மறுநாள் காலையில் உயிரோடு இருந்தார் என்று காட்டத் தானே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்!

சார் முதல் எபிசோடிலேயே ஒளித்து வைத்திருக்கிறார். எப்பேர்ப்பட்ட மூளை! எங்கே வைத்தோம் என்பது மட்டும் அவருக்கு மறந்துபோயிருக்கிறது.

எல்லாவற்றையும் டைப் செய்தேன். அனுப்பு பட்டன் மேல் விரல் இருந்தது. அம்மா உள்ளிருந்து பால் பொங்குது என்று கத்தினாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். "தெரியல சார். நீங்கதான ஜீனியஸ். வெயிட்டிங்" என்று மட்டும் போட்டேன், ஒரு கட்டைவிரலோடு.

கோபத்தில் செய்யவில்லை. சாருக்கு ஸ்பாயிலர் ஆகிவிடக்கூடாது.

போட்டிக்கு இன்றுதான் கடைசி என்பது அப்புறம்தான் உறைத்தது. புதுக் கதை என்ற பட்டனை அழுத்தினேன். திண்டுக்கல்லில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஒருவர் வீடு. அங்கே ராத்திரியே தேதி கிழித்துவிடுவார்கள். ஒரு ராத்திரி ஆள் இறந்துகிடக்கிறார், காலண்டர் நாளை மறுநாளைக் காட்டுகிறது. வெளியிலிருந்து வந்த எவனோ, இருட்டில் தேதியைப் பார்க்காமல், இன்னும் கிழிக்கவில்லை என்று நினைத்து, இன்னொரு தாளையும் கிழித்திருக்கிறான். கண்டுபிடிக்கப்போகிறவர்கள் இரண்டு பேர், ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறவளும், அவளை வைகிற ஒரு அக்காவும். முதலில் ஒரு மொட்டைத்தலைக்காரரிடம் தப்பாகச் சொல்லி அவமானப்படுகிறார்கள். புருவம் தடவுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை.

யோசிக்கவே இல்லை, வந்துகொண்டே இருந்தது. பேர் 'நாளை மறுநாள்'. போட்டுவிட்டேன்.

நாளைக்கு விருச்சிகத்துக்கு 'அலைச்சல்'.

ஜூலை 20, ஞாயிறு

ஆழியன் கதை முடிந்தது. காலண்டர் பற்றி ஆழியன் வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாராம், தணிகைவேலைச் சோதிக்க. அண்ணன் மகன் அந்தப் பேச்சைக் கேட்டதும் பயந்து தானாகவே அழுது ஒப்புக்கொண்டானாம். கமெண்ட் பக்கத்தை சார் மூடிவிட்டார்.

'நாளை மறுநாள்' தேர்வாகியிருக்கிறது. நாளையிலிருந்து தொடர். ரஹ்மத் அக்கா படித்துவிட்டு, "அந்த அக்கா இம்புட்டு வையுமா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் சித்தி போனில் பேசும்போது அம்மா அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "ஆமா, அதுவா எழுதுது. நம்ம வீட்டுக் காலண்டரைப் பத்திதேன்." பேச்சை மாற்றவில்லை.

சாயங்காலம் என் கதைக்குக் கீழே ஒரு கமெண்ட், நீல டிக்கோடு. கவியுகன் சார்! "அருமை தங்கச்சி. கொலையாளி யார்னு ஆழியன் பார்த்த உடனே சொல்லிடுவார். அந்தப் பல் டாக்டர்தானே?"

இல்லை.

பதில் போட்டேன்: "சூப்பர் கெஸ் சார். கமெண்ட்ல போடாதீங்க, மத்தவங்களுக்கு ஸ்பாயிலர் ஆயிடும். எனக்கு மட்டும் அனுப்புங்க."